பேராசிரியர் சுவர்ணோ சுவர்ணோ

முதலில் தப்பு செய்தவர் டாக்டர் பிரமுத்யோ. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு பல பேர் பல தப்புகள் செய்தார்கள். சுவர்ணோவே ஒன்று செய்தார். ஆனாலும் வரிசையில் முதல் இடம் டாக்டர் பிரமுத்யோவுக்குத்தான். அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

டாக்டர் பிரமுத்யோ, ஜாவாவிலுள்ள திர்த்த புவானா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவர். சுவர்ணோ, அதே துறைக்குப் பின்னால் இருக்கும் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். வெள்ளை எலிகள். அவற்றுக்குத் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, உமி பரப்பி, செத்ததை எடுத்துப் போட்டு, பிறந்ததைச் சேர்த்துக்கொண்டு அவர் காலம் தள்ளினார். வேலையில் சேர்ந்தபோது தலைமுடி கறுப்பாக இருந்தது. அன்றைக்கும் தற்காலிகம், இன்றைக்கும் தற்காலிகம். வருடக் கடைசியில் டாக்டர் பிரமுத்யோ வந்து அவர் தோளில் கை வைத்து, 'பாக்', அதாவது ஐயா, என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொல்வார்: "பொறுங்க பாக் வர்ணோ, அடுத்த வருஷம் நிரந்தரம்." தோளில் வைத்த கையை எடுத்தவுடன் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். எலி வாசனை.

அந்த வருடம் உண்மையாகவே ஓர் இடம் வந்தது. அமைச்சகம் உயிர்வேதியியல் துறைக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் கொடுத்தது. பணியாளர் பிரிவிலிருந்து இபு குந்தாரி, அதாவது குந்தாரி அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு எலிக்கூடம் வரைக்கும் நடந்து வந்து, "இந்தத் தடவ உங்களுக்குத்தான் பாக்" என்று சொன்னார். அவர் நல்ல பெண்மணி. விதிப் புத்தகத்தில் இல்லாத எதையும் அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

சுவர்ணோவின் மனைவி சுமிலா அந்த வாரமே மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, கோழி வறுத்து, சந்து முழுக்கக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிட்டாள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டே "நிரந்தர ஆணை எப்ப வருது?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். போட்ட சோற்றுக்குச் சந்து காவல் இருந்தது.

இதற்குள் டாக்டர் பிரமுத்யோ ஜோக்ஜா நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் 'உலகத்தரத்தை நோக்கி' என்ற கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். திரும்பி வந்து ஒரு வாரம் ஆகியும் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றவில்லை. அதோடேயே எலிக்கூடத்துக்கு வந்தார்.

"பாக் வர்ணோ, நல்ல சேதி. நம்ம துறை உலகத்தரத்துக்குப் போகுது."

"போகட்டும் பாக் பிரம். நான் எங்க போறது?"

"அதத்தான் சொல்ல வந்தேன். அந்த நிரந்தர இடம் இருக்கில்ல, அதை உலகத்தரம் வாய்ந்த ஆராய்ச்சிப் பேராசிரியர் இடமா மாத்திட்டோம்."

"அது எலிக்கூடத்து இடமாச்சே!"

"அப்படிப் பாக்கக் கூடாது. இடம்னா இடம். அதுல எலி எங்கேருந்து வந்துச்சு?"

"அப்ப எலிக்கு யாரு தீனி போடுவா?"

"அதுக்கு ஒரு குழு போடறோம்."

"குழு தீனி போடுமா?"

"யாரு போடறதுன்னு பரிந்துரை பண்ணும்." டாக்டர் பிரமுத்யோ சிரித்தார். எங்கள் பக்கத்தில் கெட்ட சேதியை எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வோம். ஆனால் அவர் அளவுக்குப் பல் தெரியாது. "வருஷக் கடைசி வரைக்கும் நீங்க இருக்கலாம். அப்புறம் பாப்போம்."

சுவர்ணோ தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு கூண்டுகள் பக்கம் போனார். அன்று ராத்திரி சுமிலாவிடம் மட்டும், "அந்த ஆளுக்கு வயித்துல புழு வைக்கணும்" என்றார்.

ஆளெடுக்கும் வேலை தொடங்கியது. 'உலகத்தரம் வாய்ந்த ஆராய்ச்சிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பதை விரைவுபடுத்தும் குழு' அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் விளம்பரத் துணியின் நிறத்தைத் தீர்மானித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், குழுவினர் எல்லோரும் ஒரே மாதிரி பாத்திக் சட்டை தைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் சட்டை வந்துவிட்டதால் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆளுக்கு ஓர் அட்டைப்பெட்டி: வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசி உருண்டை, ஒரு வறுத்த சுருள், ஒரு மிளகாய், மூடி ஒட்டிய தண்ணீர்க் குவளை. பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்து, காலியானதும் எடுத்துப்போகும் வேலை சுவர்ணோவுக்கு. அதனால் குழு சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது.

நான்காவது கூட்டத்தில்தான் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வந்தது.

"வந்த ஆளுங்களோட கட்டுரையைப் படிச்சு, கேள்வி கேட்டு..." என்று வயதான உறுப்பினர் ஒருவர் தொடங்கினார்.

"பாக், அதெல்லாம் பழைய காலம்" என்றார் டாக்டர் பிரமுத்யோ. "படிச்சா கருத்து வரும். கருத்து வந்தா பாரபட்சம் வரும். இப்ப எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல எண்ணு இருக்கு. யாரோட கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்காங்கன்னு அதுவே எண்ணிச் சொல்லிடும். நாட்டுல முதல் இடத்துல யாரு இருக்காங்களோ அவங்கள நேரா கூப்பிட்டு உக்கார வச்சிடலாம்."

எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. யாரும் யாரையும் படிக்க வேண்டாம். இபு குந்தாரி விதியை எழுதிக்கொண்டார்: 'எண்ணில் முதலிடம் பெற்றவரே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். குழுவினரின் சொந்த அறிவு முடிவைப் பாதிக்கக் கூடாது.'

திரையில் பெயர் வந்தது. நாட்டிலேயே முதல் இடம்: சுவர்ணோ சுவர்ணோ.

அவர் எழுதியவற்றை டாக்டர் பிரமுத்யோ உரக்கப் படித்தார். கெண்டை மீன் செதிலின் புரதம். ஈறு வீக்கம். கிராமக் கூட்டுறவு வங்கிகளில் நம்பிக்கை. சினை ஆட்டின் ரத்தம். மசூதிக் கூரைகளில் ஒழுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் முறை. கல்லீரல் நொதிகள். படிக்கப் படிக்க அவர் குரல் தழுதழுத்தது.

"இவரு ஒரு கடல்" என்றார்.

விஷயம் இதுதான். ஜாவாவில் நிறையப் பேருக்கு ஒரே ஒரு பெயர்தான். பெற்றவர்கள் ஒன்று போதும் என்று நினைத்தார்கள், போதுமாகவும் இருந்தது. ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினால் அங்கே இரண்டு கட்டம் இருக்கும், ஒன்று பெயருக்கு, ஒன்று குடும்பப் பெயருக்கு. இரண்டாவதைக் காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் கோபித்துக்கொள்ளும். அதனால் சுவர்ணோ என்று பெயர் வைத்த மீன் ஆராய்ச்சியாளரும், சுவர்ணோ என்ற பல் டாக்டரும், சுவர்ணோ என்ற ஆட்டு டாக்டரும், கூரை ஒழுகியதால் மனம் நொந்த ஒரு சுவர்ணோவும் அதே பெயரை மறுபடி எழுதி அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் இவர்கள் எல்லோரும் ஒரே ஆள் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே தலையில் ஏற்றிவிட்டது.

இது டாக்டர் பிரமுத்யோவுக்குத் தெரியாதா? அவருக்கும் ஒற்றைப் பெயர்தானே. அவர் கட்டுரைகளிலும் பிரமுத்யோ பிரமுத்யோ என்றுதானே இருக்கிறது. தெரியும். குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது சொந்த அறிவு. அதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று இப்போதுதான் விதி போட்டிருந்தார்கள்.

"இவரை எங்க போய்ப் பிடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

இபு குந்தாரி பணியாளர் பிரிவுக் கணினியில் அந்தப் பெயரைத் தட்டினார். அந்தக் கணினியிலும் இரண்டு கட்டம் உண்டு.

"இருக்கார்!" என்றார்.

"எங்க?"

"நம்ம பல்கலைக்கழகத்துலயே."

"எந்தத் துறை?"

"உயிர்வேதியியல்."

ஒவ்வொரு தலையாகக் கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே சுவர்ணோ, காலிப் பெட்டிகளை முகவாய் வரைக்கும் அடுக்கித் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நான் எலி பாக்கறவன்" என்றார் சுவர்ணோ.

"தெரியும் பாக்" என்றார் டாக்டர் பிரமுத்யோ. பிறகு தாழ்ந்த குரலில், "இபு, விதி என்ன சொல்லுது?"

"சொந்த அறிவு முடிவைப் பாதிக்கக் கூடாதுன்னு சொல்லுது."

"அப்ப, இவரு எலி பாக்கறவருன்னு நமக்குத் தெரியறது...?"

"சொந்த அறிவுதான் பாக்."

வயதான உறுப்பினர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார்; வாயில் ஒட்டரிசி இருந்தது. அது உள்ளே போவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அடுத்த மாதம் பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு வருகிறது, பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டருக்கு அவசரம். தேடிப் போன மேதை சொந்தக் கட்டடத்திலேயே கிடைத்ததற்காகப் பயணச் செலவு மிச்சம் என்று ஒரு பாராட்டும் பதிவானது.

சுவர்ணோ பெட்டிகளைக் கீழே வைத்தார். இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வராது என்று அவருக்குப் பட்டது.

"பாக் பிரம், எனக்குப் பேராசிரியர் வேலை வேண்டாம். எலிக்கூடத்து வேலையவே நிரந்தரம் பண்ணிக் கொடுங்க. போதும்."

டாக்டர் பிரமுத்யோ இபு குந்தாரியைப் பார்த்தார். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "முடியாதே பாக். எலிக்கூடத்து வேலைக்கு மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேணும். நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"மூணாவது."

"பாத்தீங்களா."

"பேராசிரியர் வேலைக்கு என்ன சான்றிதழ் வேணும்?"

இபு குந்தாரி புத்தகத்தைப் புரட்டினார். "உலகத்தரம் வாய்ந்தவங்களுக்கு அந்தக் கேள்வியே இல்ல. அவ்வளவு பெரியவங்ககிட்ட பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்டா மரியாதையா இருக்காதுன்னு எடுத்துட்டாங்க."

"நிரந்தரமா?"

"மொத வருஷம் தற்காலிகம். அப்புறம் அமைச்சகத்துலேருந்து ஆணை வரும்."

வீட்டில் சுமிலா இதைக் கேட்டுவிட்டு சட்டியில் அரைவேக்காட்டில் கிடந்த தெம்பே என்ற சோயாத் துண்டைத் திருப்பிப் போடக் கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். "பாக்னே, ஏத்துக்கோங்க" என்று புருஷனிடம் சொன்னாள் கடைசியில். "எந்த வழியா வந்தா என்ன, ஆணைன்னு ஒண்ணு வந்தாப் போதும். எதிர்வீட்டுக்காரி இன்னிக்குக் காலையில கூட கேட்டா. கோழிக் கால் ரெண்டு தின்னவ."

"நான் போயி அங்க என்ன பண்றது?"

"அவரு என்ன பண்றாரோ அதப் பண்ணுங்க."

சுவர்ணோ யோசித்தார். தான் உட்கார்ந்திருக்க, டாக்டர் பிரமுத்யோ நின்றுகொண்டிருப்பது போல் ஒரு காட்சி அவர் கண்முன் வந்தது. ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். சுழலும் நாற்காலி கொடுத்தார்கள். வாசலில் அவர் முகம் போட்ட துணி தொங்கியது. படத்தில் அவர் கையில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் சிவப்பு நீர். அது குடிக்கிற சர்பத் என்பது படம் எடுத்தவருக்கும் பிடித்தவருக்கும் மட்டும் தெரியும். "நேத்து வரைக்கும் 'வர்ணோ, அங்க நாறுது பாரு'ன்னவங்க இன்னிக்கு 'ப்ரோஃப், உள்ள வரலாமா'ங்கறாங்க" என்று சுமிலாவிடம் சொன்னார். டாக்டர் பிரமுத்யோ உண்மையாகவே நின்றுகொண்டுதான் பேசினார். முதல் நாள் அது நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் கழுத்து வலித்தது.

மதிப்பீட்டுக் குழு வந்தது. குழுத் தலைவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பேராசிரியர், இத்தனை வருஷ ஆராய்ச்சியில நீங்க கண்டது என்ன? ஒரே வரியில சொல்லுங்க" என்றார்.

சுவர்ணோவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "பசிச்சா கடிக்கும்" என்றார்.

"எது?"

"எல்லாந்தான்."

எழுதிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு முதல்தரச் சான்று கிடைத்தது.

பசி விஷயத்தில் அவர் சொன்னது நடந்துகொண்டிருந்தது. எலிக்கூடத்தில் ஆள் இல்லை. தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர்ணோ பின்பக்கம் போனபோது இபு குந்தாரி வழிமறித்துவிட்டார். "வேண்டாம் ப்ரோஃப். பேராசிரியர் வாளி தூக்கினா தரம் இறங்கிடும்." குழு இன்னும் பரிந்துரை செய்யவில்லை. எலிகள் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கின. சோதனைகள் எல்லாம் நின்றன. ஆனால் அது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் சுவரில் மாட்டியிருந்த கட்டுரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நாடெங்கும் சுவர்ணோக்கள் எழுதினார்கள், துறை முன்னேறியது.

அந்தச் சமயத்தில்தான், பழைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாலிபன் ஜெம்பர் என்ற ஊரிலிருந்து ரயிலேறி வந்தான். ஜப்பானில் படித்தவன். ஒல்லியான கழுத்து, பெரிய பை. பேராசிரியர் சுவர்ணோ தலைமையில் நேர்காணல் நடந்தது.

"பேரு?"

"சுவர்ணோ."

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"முழுப் பேரு?"

"அவ்வளவுதான் பாக்."

"கட்டுரை எழுதியிருக்கீங்களா மாஸ்?" என்று வாலிபர்களைக் கூப்பிடும் முறையில் கேட்டார் டாக்டர் பிரமுத்யோ.

"பதினொண்ணு. எலியோட கல்லீரல் நொதி பத்தி."

இபு குந்தாரி கணினியைப் பார்த்தார். "அந்தப் பதினொண்ணும் எங்க பேராசிரியரோடதாச்சே."

"இல்ல இபு. நான் எழுதினது. குடும்பப் பேரு கேட்டாங்க, இல்லாததால ரெண்டு தடவ எழுதினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் இபு குந்தாரி.

"மாஸ்," என்றார் டாக்டர் பிரமுத்யோ மென்மையாக, "அடுத்தவங்க கட்டுரையத் தன்னோடதுன்னு சொல்றதுக்கு ஒரு பேரு இருக்கு. சின்னப் பையன்னு பாக்கறேன்."

அவன் பேராசிரியர் சுவர்ணோவின் பக்கம் திரும்பினான். "பாக், நீங்களே சொல்லுங்க. கல்லீரல் நொதி பத்தி நீங்க எழுதினீங்களா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவர்ணோவுக்கு அந்த வார்த்தை தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அமைச்சகத்திலிருந்து ஆணை வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சந்து நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரி நினைவுக்கு வந்தாள்.

"எலிக்குத் தீனி போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். ஏழு வருஷம் எலிங்களோடதான் இருந்தேன்."

"மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இருக்கா?"

"இருக்கு பாக்."

"அப்ப எலிக்கூடத்துக்கு எடுத்துக்கலாம். இப்போதைக்குத் தற்காலிகமா. பொறுங்க மாஸ், அடுத்த வருஷம்..." என்று சொல்லிக்கொண்டே அவன் தோளில் கை வைத்தார். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அவருக்கே புரியவில்லை. டாக்டர் பிரமுத்யோ மட்டும், தன் பிள்ளை முதல் அடி எடுத்துவைத்ததைப் பார்க்கும் தகப்பனைப் போலப் பார்த்தார்.

ஜெம்பர் பையன் எலிக்கூடத்தில் சேர்ந்தான். எலிகள் பிழைத்தன. அவன் மத்தியான நேரத்தில் தன் ஆராய்ச்சியையும் செய்து, கட்டுரை எழுதி அனுப்பினான். அதுவும் பேராசிரியர் கணக்கில் ஏறியது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பிரமுத்யோவுக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் பேராசிரியரின் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார்.

"பாக் வர்ணோ, இத்தனை வருஷமா எழுதறேன். என்னை நாலு பேர் கூட எடுத்துக்காட்டல. ஏன்னு இப்பத்தான் புரியுது. என் பேரு எனக்குப் பாரம். சின்னப் புள்ளையில எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். பேரு தாங்கல, மாத்திடுங்கன்னு பாட்டன் சொன்னாராம். எங்கப்பா கேக்கல."

பெயர் பாரமானால் குழந்தைக்கு உடம்பு தேறாது. சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, வேறு பெயர் வைத்துவிடுவோம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு. ஐம்பது வயதுத் துறைத்தலைவருக்கு அதைச் செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இபு குந்தாரி தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

டாக்டர் பிரமுத்யோ நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பெயரை சுவர்ணோ சுவர்ணோ என்று மாற்றிக்கொண்டார். ஒரே ராத்திரியில் நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானி ஆனார். மறுவாரம் மூன்று விரிவுரையாளர்கள் மாற்றிக்கொண்டார்கள். பிறகு ஒரு பெண் விரிவுரையாளர். பேறுகால விடுப்பில் இருந்தவர், குழந்தைக்கும் சேர்த்து மாற்றினார். பேராசிரியர்கள் மாற்றினார்கள். அது ஒரு பாணியாகிவிட்டது. பழைய பெயரோடு இருந்தவர்களைச் சக ஊழியர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ரெக்டர் இதற்கு 'பெயர் ஒருமைப்பாட்டு முன்னெடுப்பு' என்று பெயர் சூட்டி, மண்டபத்தில் பொது விழா வைத்தார். பிளாஸ்டிக் கிண்ணங்களில் சிவப்பு வெள்ளைக் கஞ்சி. பெயர் வழங்கிய வள்ளல் என்ற முறையில் முதல் கரண்டி சுவர்ணோவுக்கு. அவர் சாப்பிட்டார். கருப்பட்டி கொஞ்சம் அதிகம்.

"என்ன பாக்னே, எல்லாருக்கும் உங்க பேரக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்றாள் சுமிலா.

"நான் எங்க கொடுத்தேன்? எடுத்துக்கிட்டாங்க."

"திருப்பித் தருவாங்களா?"

இபு குந்தாரி மட்டும் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. மற்றவர்களைக் கூப்பிட ஒருவராவது வேண்டும்.

வருடக் கடைசியில் அமைச்சகத்திலிருந்து தடித்த உறை வந்தது. எலிகளுக்குத் தீனி போட ஜெம்பர் பையனை மட்டும் விட்டுவிட்டுத் துறை முழுவதும் கூட்ட அறையில் கூடியது. சுவர்ணோ புது பாத்திக் சட்டையில் வந்திருந்தார். சந்துக்காரர்களுக்கு அன்று சாயங்காலம் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். இபு குந்தாரி படித்தார்:

"'தங்கள் துறையின் பணியாளர் விவரம் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் துறையில் சுவர்ணோ சுவர்ணோ என்ற ஒருவர் மட்டுமே பணிபுரிவதாகக் கணினி தெரிவிக்கிறது. ஒரே நபராக இத்தனை வகுப்புகளை எடுத்து, இத்தனை கட்டுரைகளையும் எழுதிய அன்னாரின் தியாகம் பாராட்டுக்குரியது. அன்னாருக்கான நிரந்தர ஆணை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மற்றவர்கள் இல்லாமையால், மற்றவர்களின் ஊதியம் நிறுத்தப்படுகிறது.'"

பதினான்கு சுவர்ணோக்கள் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

"அது என்னோடது" என்றார் பழைய எலிக்கூடத்துச் சுவர்ணோ.

"எப்படி? என்கிட்ட நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு!"

"என்கிட்டயும் இருக்கு!"

"ஏங்க, கஞ்சி குடிச்சதுக்கு போட்டோவே இருக்கு!"

"நான் பொறந்ததுலேருந்தே சுவர்ணோ!" என்று எலிக்கூடத்துக் கிழவர் கத்தினார். "எங்கம்மா வச்ச பேரு!"

இபு குந்தாரி எல்லோரையும் உட்காரச் சொன்னார். அடையாள அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிழவருடைய அட்டை மட்டும் ஓரம் பிய்ந்து பழுப்பாக இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியதாகச் சிலர் சொல்கிறார்கள்.

"பாக், உங்க அட்டையில ஒரு சுவர்ணோதான் இருக்கு."

"ஆமா. ஒரு ஆளுதானே நான்."

"ஆணை ரெண்டு சுவர்ணோவுக்கு வந்திருக்கு. இவங்க எல்லாருக்கும் அட்டையில ரெண்டு இருக்கு. உங்களுக்கு ஒண்ணு குறையுது."

"கம்ப்யூட்டர்ல நீங்கதானே இபு ரெண்டா எழுதினீங்க?"

"நான் எழுதினது கம்ப்யூட்டருக்கு. ஆணை அட்டைப்படிதான்."

மீதி பதின்மூன்று பேரில் யாருக்கு என்பதைத் தீர்மானிக்க நேரம் ஆகவில்லை. துறைக்கு வரும் உறைகளைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் துறைத்தலைவர். அவர் துறைத்தலைவர் என்ற முறையில் ஆணையைப் பெற்றுக்கொண்டார். சுவர்ணோ சுவர்ணோ என்ற முறையில் எடுத்துக்கொண்டார். பிறகு மற்ற பன்னிரண்டு பேரின் தோளிலும் வரிசையாகக் கை வைத்து, பல் தெரியச் சிரித்து, "பொறுங்க, அடுத்த வருஷம்" என்றார். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் பன்னிரண்டு பேர் தற்காலிகமாகத் தலையை ஆட்டினார்கள்.

பேராசிரியர் இடம் நிரம்பிவிட்டதால் கிழவரின் நாற்காலியை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். அவர் சந்துக்குப் பின்வழியாக வீட்டுக்குப் போனார்.

சுவர்ணோ சும்மா இருக்கிற ஆள் இல்லை. புகார் கொடுத்தார். ஜெம்பர் பையன்தான் எழுதிக் கொடுத்தான். அவனுக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது. உயிர்வேதியியல் துறைத் தலைவர் பிரமுத்யோ தன் நிரந்தர ஆணையை எடுத்துக்கொண்டார் என்று புகார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பிரமுத்யோ என்ற பெயரில் பல்கலைக்கழகத்தில் யாரும் இல்லை. ஆணையை வைத்திருப்பவர் சுவர்ணோ. புகார் கொடுத்தவரும் சுவர்ணோ. சுவர்ணோவின் ஆணை சுவர்ணோவிடம் இருப்பதில் தவறு எதுவும் தென்படவில்லை. மேற்கொண்டு மனக்குறை இருந்தால், மனுதாரர் தம்மோடு தாமே பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

அதைவிட மோசம், அவரால் நிம்மதியாகச் சாபம் கொடுக்கக்கூட முடியவில்லை. "அந்த சுவர்ணோவுக்கு வயித்துல புழு வைக்க" என்று தொடங்கினால் சுமிலா ஓடிவந்து வாயைப் பொத்தினாள். "பாக்னே, வேண்டாம்! மேல இருக்கறவனுக்கு யாரு எந்த சுவர்ணோன்னு எப்படித் தெரியும்? அவனும் கம்ப்யூட்டர் வச்சிருந்தா?"

ஒருநாள் சந்தையில் இபு குந்தாரி அவரைப் பார்த்தார். தேங்காய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு சொன்னார்:

"பாக், உங்களுக்காக விதிப் புத்தகம் பூரா தேடினேன். ஒரே ஒரு வழிதான் இருக்கு. பிரமுத்யோங்கற பேரு இப்பக் காலியா இருக்கு. அந்தப் பேர்ல ஆள் இல்லாத பழைய துறைத்தலைவர் பதிவு இன்னும் மூடல. நீங்க அந்தப் பேரை எடுத்துக்கிட்டீங்கன்னா, அதுல உங்களைக் கொண்டுவந்து சேத்துடலாம். நிரந்தரம். கஞ்சிக்கு நானே அரிசி தரேன்."

சுவர்ணோ தேங்காய்க் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"முடியாது இபு" என்றார். "அந்தப் பேரு எனக்கு ஒரு ஆணை பாக்கி வச்சிருக்கு. அந்தப் பேரை நானே எடுத்துக்கிட்டா, அப்புறம் நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?"